நான்கு முகாமையாளர்கள், ஒரு லயக் காம்பிரா

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்கள். இடம், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறிப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் மூன்றாம் லயத்தில், எட்டாவது காம்பிராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில், நான் ஒரு கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். இணையத்தளமெல்லாம் இருந்தது. அதில் என் கம்பெனியைப் பற்றி நானே எழுதியிருந்த வரிகளை இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் கம்பெனியில் எனக்கே வேலை கிடைத்திருக்காது.

விற்றது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. உள்ளங்கையளவு சர்க்கிட் பலகை. நடுவில் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் முளைத்த ஒரு கறுப்புச் சில்லு. கணினியில் எழுதிய கட்டளைகளை அந்தச் சில்லுக்குள் ஏற்றிவிட்டால் அது விளக்கை எரித்து அணைக்கும், மோட்டாரைச் சுற்ற வைக்கும், தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் கத்தும். கம்பஸில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருடத்தில் இப்படி எதையாவது செய்து காட்ட வேண்டும். வெளிநாட்டு போர்டுகள் அவர்களின் கைக்கு எட்டாது. நான் பதுளையில் இரண்டு வருடம் தொழில்நுட்பம் படித்துவிட்டு, லயத்தில் ரேடியோவும் டீவியும் திருத்திக்கொண்டிருந்தவன். ஒரு பழைய சஞ்சிகையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு போர்டு செய்தேன்; கருகிப் போனது. இரண்டாவது வேலை செய்தது. மூன்றாவதை விற்றுவிட்டேன்.

தொழிற்சாலை என்பது அம்மாவின் நீலப் பேசின், ஒரு சோல்டரிங் அயன், துணி தேய்க்கும் அயன்பெட்டி. வரைபடத்தைத் தாளில் அச்சடித்து, செப்புத் தகட்டின் மேல் கவிழ்த்து அயன்பெட்டியால் தேய்த்தால் கோடுகள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பேசினில் உள்ள மருந்துத் தண்ணீரில் போட்டால் கோடு இல்லாத இடத்துச் செம்பு கரைந்துவிடும். ஒருமுறை அயன்பெட்டியின் அடியில் மை ஒட்டியிருந்தது தெரியாமல் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துவிட்டேன். முதுகில் பாதி சர்க்கிட்டோடு கோயில் தேர் இழுத்தேன். பின்னால் வந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நடந்தார்களாம்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். லயத்தில் செய்த பொருளை யார் வாங்குவார்கள் என்று ஒரு பயம். அதனால் இணையத்தளத்தில் மூன்றாம் லயத்தை ஆங்கிலத்தில் "புளொக் மூன்று" ஆக்கினேன். எட்டாம் காம்பிரா "யுனிட் எட்டு" ஆனது. அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். கம்பெனி என்றால் ஆட்கள் வேண்டுமே? விற்பனைக்கு ஒரு முகாமையாளர், தொழில்நுட்பத்துக்கு ஒருவர், ஆராய்ச்சிக்கு ஒருவர், எல்லோருக்கும் மேலே ஒரு பணிப்பாளர். நால்வருக்கும் நாலு விதப் பெயர்கள் வைத்தேன். அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு இன்னும் வெட்கம். ஒருவர் பெயரைக் கேட்டால் இங்கிலாந்தில் பிறந்தவர் மாதிரி இருக்கும். தொலைபேசி இலக்கம் மட்டும் போடவில்லை. நால்வருக்கும் ஒரே குரல் என்பது தெரிந்துவிடுமல்லவா? மின்னஞ்சல் மட்டும்தான். வாரத்தில் இரண்டு நாள் பதுளை டவுனுக்குப் போய், இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, நாலு பேராகவும் மாறி மாறிப் பதில் எழுதுவேன். விற்பனை முகாமையாளர் பணிவானவர். தொழில்நுட்ப முகாமையாளர் கொஞ்சம் முன்கோபி. அவர் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரைத் திட்டிவிட, பணிப்பாளர் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

தோட்டத்தில் தபால் எப்படி வரும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தபால்காரர் லயத்துக்கு வரமாட்டார். தெரு கிடையாது, கதவில் இலக்கம் கிடையாது. எல்லோருடைய கடிதமும் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே பெரிய கிளாக்கர் ஐயா செக்ரோலைப் பார்த்துப் பிரிப்பார். செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பதிவு. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டின்போது, ஐயாவுக்கு ஞாபகம் இருந்தால், கடிதமும் கையில் கிடைக்கும். எனக்கு வந்த ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் கிடைத்தது. உரிய நேரத்துக்குச் சமுகமளிக்கவும் என்று அதில் கோடு போட்டிருந்தார்கள்.

நான் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. ஆகவே செக்ரோலில் நானும் இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவர், அவர் இருக்கிறார். அவருடைய மகன் என்ற கணக்கில்தான் எனக்கு வருகிற ஓரிரண்டு கடிதமும் கிடைத்துவந்தது.

இந்த இரண்டும், அதாவது என் நான்கு முகாமையாளர்களும் ஐயாவின் செக்ரோலும், ஒரு நாள் ஒன்றையொன்று சந்தித்தன.

கொழும்புப் பக்கக் கம்பஸில் படிக்கும் ஒரு மாணவி வாங்கிய போர்டு வேலை செய்யவில்லை. மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தொழில்நுட்ப முகாமையாளர் தன் வழக்கமான மிடுக்கோடு, "போர்டை என் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவும், எமது குழு பரிசோதிக்கும்" என்று பதில் போட்டார். அந்தப் பிள்ளையும் நம்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அடைமழை. பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. டவுனுக்குப் போக முடியாமல், மின்னஞ்சல் எதையும் பார்க்காமல் நான் வீட்டில் கிடந்தேன்.

மழை விட்டு பஸ் ஓடத் தொடங்கிய புதன்கிழமை காலை, மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் பேசின் கழுவிக்கொண்டிருந்தேன். மருந்துத் தண்ணீர் பட்டுக் கை இரண்டும் மஞ்சளும் கபிலமுமாக இருந்தது. ஆபீஸ் காவல்காரர் மேலே பாதையில் நின்று கூப்பிட்டார்.

"ஏய், ஒன்ன ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. கொழும்புலேர்ந்து ஒரு பொண்ணு வந்து ஒக்காந்துருக்கு. நம்ம தோட்டத்துல நாலு மேனேஜர் இருக்காங்களாம்ல? தொரை ஒருத்தருதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

தேயிலைக்குள் புகுந்து மறுபக்கம் இறங்கி ஹல்துமுல்லையில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். பிறகு சட்டை மாட்டிக்கொண்டு போனேன். அவசரத்தில் எடுத்தது அந்தத் தேர்ச் சட்டை.

தோட்டத்து ஆபீசில் எங்களுக்கு ஒரு ஜன்னல் உண்டு. லயத்து ஆட்கள் வெளியே நின்று அந்த ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். உள்ளே போகும் பழக்கம் இல்லை. நான் ஜன்னலில் நின்றேன். உள்ளே கதிரையில் அந்தப் பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். இரவெல்லாம் ரயிலில் வந்த கண்கள். மடியில் ஒரு பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேசைக்குப் பின்னால் கிளாக்கர் ஐயா; டின்னுக்குள் இருந்ததைப் பார்த்ததுமே அது யார் வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"வாங்க மேனேஜர்," என்றார் ஐயா.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. "நீங்களோ டெக்னிக்கல் மனேஜர்?"

"ஆமாங்க."

"அப்ப சேல்ஸ் மனேஜர்?"

"அவரும் நான்தாங்க."

"ஆராய்ச்சிப் பிரிவு?"

"அவரு இன்னிக்கி லீவுங்க," என்றேன். பயந்தால் எனக்கு வாய் தானாகப் பகிடி விடும். அது ஒரு வியாதி.

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நான் புரொஜெக்ட் காட்ட வேணும். இது வேலை செய்யாட்டி எனக்கு இந்த வருசம் போச்சு. ரெஜிஸ்டர் போஸ்டில அனுப்பினனான். அப்பிடி ஒருத்தரும் அங்க இல்லையெண்டு எழுதித் திரும்பி வந்திட்டுது. ஈமெயில் போட்டன், பதில் இல்லை. இதைப் பையில வச்சுக்கொண்டு எத்தினை செக்பொயின்ற் தாண்டி வந்தனான் தெரியுமோ?"

அந்தக் கேள்வியில் என் பகிடி வியாதி அந்த இடத்திலேயே குணமாகிவிட்டது. யுத்தம் மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. வயர் தொங்கும் சர்க்கிட் பலகையைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை இரவு ரயிலில் வருவது என்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. விரிவுரையாளரிடம் கடிதம் வாங்கி, அதையும் போர்டையும் பிஸ்கட் டின்னில் ஒன்றாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் திறந்து காட்டியிருக்கிறார். இத்தனையும், இல்லவே இல்லாத ஒரு முகாமையாளரைத் தேடி.

"திருப்பி அனுப்புனது நான்தான்," என்றார் ஐயா. குரலில் கொஞ்சமும் தயக்கம் இல்லை. "செக்ரோல முழுக்கத் தேடுனேன். பழைய செக்ரோலையும் எடுத்துப் பாத்தேன். அப்பிடி ஒரு பேரு இந்தத் தோட்டத்துல பொறந்ததே இல்ல. நான் என்ன செய்ய?"

அதில் தப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் ஐயா அதோடு நிறுத்தவில்லை.

"இனிமே ஒன் சொந்தப் பேருக்கு வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். செக்ரோல்ல இல்லாதவனுக்குத் தபால் இல்ல. காம்பிரா ஒங்கம்மா பேர்ல, குடியிருக்கக் குடுத்தது. கம்பெனி நடத்த இல்ல. இந்தக் காலத்துல வயரும் மருந்துத் தண்ணியுமா வச்சுக்கிட்டு இருக்கிறியே, நாளைக்கிப் பொலீஸ் வந்து நின்னா யாரு பதில் சொல்றது? ஒங்கம்மாவையா கூப்பிடுறது?"

அம்மாவின் பெயரை இழுத்ததை மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் முதல் வேலை போர்டு.

"ஐயா, ஒரு பிளக் குடுங்க. இந்த எடத்துலயே திருத்தித் தாறேன்."

"இது ஆபீசு. ஒங்க பட்டறை இல்ல."

அந்தப் பெண் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "உங்கட வீட்டில கரண்ட் இருக்குதோ?"

"இருக்குங்க."

"நீங்க எதுக்குத் தங்கச்சி லயத்துக்கெல்லாம் போறீங்க? இங்கயே இருங்க, அவன் திருத்திக் கொண்டாந்து குடுப்பான்," என்றார் ஐயா.

"நாலு பேரா நடிச்ச ஆளை நான் தனிய விடமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்து செருப்பை மாட்டினார்.

லயத்துக்கு வரும் வழியெல்லாம் நான் முன்னால், அவர் பின்னால். முதுகில் இருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். காம்பிரா வாசலுக்கு வந்ததும், "உங்கட சேர்ட்டில இருக்கிற லேஅவுட் பிழை, கிரவுண்ட் கோடு ஒண்டு விட்டிருக்கு," என்றார். தேர் இழுத்த அன்று ஒருவருக்கும் தோன்றாத சந்தேகம்.

போர்டை விளக்கின் கீழ் பிடித்தேன். அரை நிமிடம் கூட ஆகவில்லை. சில்லுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் சின்ன வெள்ளி நிறப் படிகம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு கால். ஒரு காலுக்கு ஈயம் வைக்கவே மறந்திருந்தேன். சும்மா துவாரத்தில் சொருகி நின்ற கால், என் மேசையில் தற்செயலாகத் தொட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறது. தபால் பையில் குலுங்கியதும் விட்டுவிட்டது. அதற்கு மேலே, "தரப் பரிசோதனை செய்யப்பட்டது" என்ற ஒட்டுத்தாளை அழகாக ஒட்டியிருந்தேன்.

ஒரு சொட்டு ஈயம். சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அவர் நிலத்தில் உட்கார்ந்து, தன் சோதனைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். அம்மா மத்தியானக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். காம்பிராவில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருப்பா இது?"

"கஸ்டமர்ம்மா."

அம்மா கஸ்டமர் என்ற ஒன்றை அதுவரை கண்ணால் கண்டதில்லை. அவசரமாகப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். "ஏம் பாப்பா, இவன் செஞ்சது ஓடலியா? ஒரு தட்டுத் தட்டிப் பாத்தியா? எங்க வீட்டு ரேடியோ அப்பிடித்தான் பாடும்."

அப்போதுதான் அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"லயத்துல செய்றதுன்னு சொன்னா யாருங்க வாங்குவாங்க?"

"நீங்கள் எங்க இருக்கிறீங்கள் எண்டது எனக்குப் பிரச்சினை இல்லை. தேடி வந்தா ஆள் இல்லாமப் போறதுதான் பிரச்சினை."

நாலு முகாமையாளர்களில் ஒருவர் கூட வாய் திறக்கவில்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

அன்று அம்மாவிடம் ஐயா சொன்னதைச் சொன்னேன். காம்பிராவுக்கு ஆபத்து வரும், எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடவா என்று கேட்டேன். அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"இருவத்தெட்டு வருசமா இந்த மலையில கொழுந்து எடுக்கிறேன். வந்து காம்பிராவப் புடுங்கட்டும், பாப்போம். ஒனக்கு வர்ற கடுதாசிய வாங்க ஒனக்கு வாய் இல்லியா? நாளைக்கிப் போயி நில்லு."

போய் நின்றேன். ஆனால் அதற்கு முன் டவுனுக்குப் போய் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நான்கு முகாமையாளர்களையும் ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கினேன். புளொக்கையும் யுனிட்டையும் அழித்தேன். என் பெயரை எழுதி, "மூன்றாம் லயம், எட்டாம் காம்பிரா" என்று தோட்டத்தின் பெயரோடு போட்டேன். கீழே, "இங்கே இருப்பது ஒரு ஆள்தான், எல்லாப் பிழையும் அவனுடையது" என்று சேர்த்தேன். இரண்டாவது, தபால் கந்தோரில் விசாரித்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் வாழ்கிற ஆளுக்கு வந்த பதிவுத் தபாலை அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், அவர் மறுத்தால் மட்டுமே திரும்பும், வேறு யாரும் அவருக்காக மறுக்க முடியாது என்றார். தோட்டப் பதிவில் பெயர் இல்லையே என்றேன். அது தோட்டத்தின் பதிவு, எங்களுடையது அல்ல என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு, தபால் பை வரும் நேரத்தில், ஜன்னலில் நின்றேன். கையில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஒரு கடிதம். நான் யார், என்ன செய்கிறேன், என்ன சாமான் வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் யாரும் வந்து பார்க்கலாம், இதன் பிரதி பொலீசுக்கும் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். பொலீசுக்குக் கொடுக்கப் போனபோது இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பியது உண்மை. ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும் என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஐயாவிடம் கடிதத்தை நீட்டி, என் பிரதியில் ஆபீஸ் முத்திரை குத்தித் தரச் சொன்னேன். முறைத்துக்கொண்டே குத்தினார்.

"ஐயா, எம் பேருக்கு எதாச்சும் வந்து திருப்பி அனுப்புனீங்கன்னா, ஏன்னு எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நான் அதத் தபால் கந்தோருக்குக் கொண்டு போவேன்."

"சட்டம் படிச்சிட்டியோ?"

"இல்லீங்க. வெளிய நின்னு பழகிட்டேன். அதான் கேக்குறேன்."

அன்று எனக்குத் தபால் இல்லை. அடுத்த நாளும் இல்லை. உண்மையைச் சொன்ன பிறகு இணையத்தளத்தில் போர்டு கேட்டு ஒரு ஓடர் கூட வரவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு நான் ஜன்னலில் நிற்பேன். ஐயா பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல மேனேஜர்," என்பார். லயத்தில் என்னைக் கண்டால், "என்னா, லண்டன்லேர்ந்து கடுதாசி வந்திருச்சா?" என்று கேட்பார்கள். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. என்னை நானே கேலி செய்துகொள்வதில் கைதேர்ந்தவன். மற்றவர்கள் செய்யும்போதுதான் அது எவ்வளவு வலிக்கிற வேலை என்று தெரிந்தது. இரண்டாவது வாரம், இன்றோடு போதும் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஜன்னலடியில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார்.

ஆறாம் காம்பிரா அக்கா. மகளைச் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியவர். மகளின் கடிதம் ஒவ்வொன்றும் எத்தனையோ நாள் ஆபீசில் கிடந்துதான் கைக்கு வரும்.

"நீ பாட்டுக்கு வந்து நின்னா தாறாங்கன்னா, நானும் நிக்கிறேன். எம் மவ எழுதுறது எனக்குத்தானே?" என்றார்.

அடுத்த நாள் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த ஒரு பிள்ளையின் தகப்பன், ஓய்வூதியக் கடிதம் தேடிய ஒரு தாத்தா. ஒருவரும் சத்தம் போடவில்லை. பை வந்தது, பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கடிதத்தை மேசை லாச்சிக்குள் போடுவது எவருக்கும் கஷ்டம்.

ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா இது, ஆபீசு வாசல்ல பெரட்டு நடத்துறீங்களா?"

"பெரட்டுன்னா நீங்க கூப்பிடணுங்கய்யா. இது நாங்களா வந்தது," என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ பலமாகச் சிரித்தார்கள். என் பகிடிக்கு ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

நான் நிற்கத் தொடங்கி நாலாவது வாரம் என்று நினைக்கிறேன். ஐயா பையைக் கொட்டினார். பிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு தடித்த பதிவுத் தபாலை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செக்ரோலின் பக்கம் கை போனது. ஒன்பது பேரும் அந்தக் கையையே பார்த்தோம். கை நின்றது.

"டேய், இந்தா, ஒனக்கு," என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. என் கை முன்னால் போகத் துடித்தது; அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மத்தவங்களுக்கெல்லாம் பேரு வாசிச்சுத்தானே குடுத்தீங்க? இதையும் வாசிங்கய்யா. உறையில என்னா எழுதியிருக்கோ அத."

ஐயா உறையை விளக்குப் பக்கம் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். திரு என்று தொடங்கி என் முழுப்பெயர். மூன்றாம் லயம். எட்டாம் காம்பிரா. தோட்டத்தின் பெயர். பதுளை.

அந்த ஜன்னலில் எங்கள் ஆட்களில் ஒருவனின் பெயருக்கு முன்னால் திரு போட்டு வாசித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நாலு பேர் சேர்ந்து போட்டது மாதிரி கோணலாக வந்தது.

உள்ளே ஒரு சென்சாரும், ஒரு கடிதமும். அந்தப் பெண்தான். புரொஜெக்ட் நன்றாக நடந்ததாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் போர்டு கேட்கிறார்களாம், இந்தச் சென்சாரோடு ஒத்துப்போகிற மாதிரி செய்து தர வேண்டுமாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இதை ஈமெயிலிலேயே அனுப்பியிருக்கலாம். உங்கட அட்ரஸ் வேலை செய்யுதோ எண்டு சோதிச்சுப் பாக்கத்தான் ரெஜிஸ்டர் போஸ்ட். தயவுசெய்து இந்த முறை எல்லாக் காலுக்கும் ஈயம் வையுங்கோ."

அதன் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். துரைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை, தடையும் வரவில்லை. பொலீசார் ஒரு தடவை வந்து, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, போகும்போது நிலையத்தில் பழுதாகிக் கிடந்த ரேடியோவைத் திருத்த முடியுமா என்று கேட்டார்கள். ஐயா ஓய்வு பெறும் வரை என்னை மேனேஜர் என்றே கூப்பிட்டார். நானும் ஒவ்வொரு முறையும் "சொல்லுங்கய்யா" என்றே போய் நின்றேன். ஆனால் பத்து மணிக்குப் பை வந்தால் பத்தரைக்குள் எல்லோர் கையிலும் கடிதம் இருக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்தில் எழுதாத சட்டமாகிவிட்டது. அதை எழுதி வாங்க எங்களுக்குத் தேவையும் இருக்கவில்லை. போய் நின்றால் போதும்.

இப்போது எனக்குப் பதுளை டவுனில் ஒரு சின்னக் கடை உண்டு. அதற்குத் தெருவும் இலக்கமும் உண்டு. ஆனாலும் போர்டுகளை இன்றும் அந்தக் காம்பிராவில்தான் செய்கிறேன். எங்காவது ஒரு படிவத்தில் முகவரி எழுத விட்டிருக்கும் கோடு குட்டையாக இருந்தால், எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்கிறேனே தவிர, லயத்தை விட்டுவிட்டு எழுதுவதில்லை.